ஆபீஸ் வேலையா, கருத்தரங்கா? ரயில் நேரத்தையும் ஒருமுறை பாருங்க!

"அடுத்த புதன்கிழமை பெங்களூருல மீட்டிங். டிக்கெட் போட்டுடவா?"

ஆபீஸில் யாராவது இப்படிக் கேட்டால், அந்த 'டிக்கெட்' என்ற வார்த்தைக்கு இன்றைக்கு ஒரே அர்த்தம்தான். ஃப்ளைட் டிக்கெட். கல்லூரிகளிலும் இதே கதைதான். வெளியூர் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தால், பேராசிரியர் முதலில் திறப்பது விமான டிக்கெட் ஆப். ரயிலில் வருகிறேன் என்று சொன்னால், "ஏன் சார், ஃப்ளைட் கிடைக்கலையா?" என்று பரிதாபமாகக் கேட்கிறார்கள்.

விமானம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அவசரத்துக்கும் தூரத்துக்கும் அது வேண்டும். ஆனால் வேலைக்காகப் போகிற பயணங்களில் எத்தனையில் உண்மையாகவே அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது? இந்த வாரம் பேப்பரும் பேனாவும் எடுத்து அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கு

சென்னை - பெங்களூரு ஃப்ளைட் ஒரு மணி நேரம். எல்லோரும் சொல்வது இந்த ஒரு மணி நேரத்தைத்தான். நம் வீடு மீனம்பாக்கம் ஓடுபாதையிலும், ஆபீஸ் தேவனஹள்ளி ஓடுபாதையிலும் இருந்தால் அது சரி.

பெரம்பூரில் வீடு, பெங்களூரு எம்.ஜி.ரோட்டில் மீட்டிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போக ஒரு மணி நேரம். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்னதாகவே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுகிறார்கள். அதனால் ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். வானத்தில் ஒரு மணி நேரம். இறங்கி, பெட்டி வாங்கி வெளியே வர அரை மணி நேரம். பெங்களூரு விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர 35 கிலோமீட்டர். டிராஃபிக்கைப் பொறுத்து ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒன்றே முக்கால் மணி நேரமும் ஆகலாம். கூட்டிப் பாருங்கள்... ஐந்திலிருந்து ஐந்தே முக்கால் மணி நேரம்.

இப்போது ரயில். பெரம்பூரிலிருந்து சென்ட்ரல் அரை மணி நேரம். சென்னை - மைசூரு வந்தே பாரத் பெங்களூரு போய்ச் சேர ஏறக்குறைய நாலரை மணி நேரம். இறங்குவது ஊரின் நடுமத்தியில், மெஜஸ்டிக்கில். அங்கிருந்து எம்.ஜி.ரோட்டுக்கு நேராக மெட்ரோ இருக்கிறது. மொத்தம் ஐந்தரை மணி நேரத்துக்குள். ஏறத்தாழ சமம்!

கோவைக்கு இந்தக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தால், காலையில் கோவை. தூங்கிய நேரத்தைப் பயண நேரம் என்று யார் எழுதுவார்கள்? முதல் ஃப்ளைட்டைப் பிடிக்க அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, கண் எரிய மீட்டிங்கில் உட்காருவதைவிட இது எவ்வளவோ மேல். முந்தின நாள் இரவே விமானத்தில் போனால் ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகை வேறு. மதுரைக்குப் பாண்டியன், தூத்துக்குடிக்கு முத்துநகர், நெல்லைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் என்று நம் ஊர் இரவு ரயில்கள் எல்லாமே வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாக ஓடுகிறவைதான். பகலில் போவதாக இருந்தால், சென்னை - கோவை வந்தே பாரத் சுமார் ஆறு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது.

துண்டு துண்டாக உடையாத நேரம்

இரண்டும் சமம் என்றால் எதில் போனால் என்ன என்று கேட்கலாம். நேரத்தின் அளவு சமம்தான். அதன் தன்மை வேறு.

விமானப் பயணத்தின் ஐந்தரை மணி நேரம் பத்துத் துண்டாக உடைந்து கிடக்கிறது. கேப், வாசலில் அடையாள அட்டை, செக்-இன் வரிசை, லேப்டாப்பை வெளியே எடுத்து டிரேயில் வைப்பது, பெல்ட்டைக் கழற்றுவது, கேட்டில் காத்திருப்பது, பஸ், இருக்கை, மறுபடி பஸ், மறுபடி கேப். இதில் எந்தத் துண்டிலும் ஒரு பக்கம் உருப்படியாகப் படிக்க முடியாது. ரயிலில் ஏறி உட்கார்ந்தால் நாலு மணி நேரம் முழுசாக நம் கையில். பிரசன்டேஷனைத் திருத்தலாம். விடைத்தாள் திருத்தலாம். ஒன்றும் வேண்டாம் என்றால், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யோசிக்கலாம்.

யோசிப்பது என்றதும் இரண்டு பேர் நினைவுக்கு வருகிறார்கள். இருவரும் தமிழர்கள், இருவரும் நோபல் பரிசு பெற்றவர்கள், இருவரும் உறவினர்கள்.

1921-ல் சர் சி.வி.ராமன், ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகக் கப்பலில் போனார். இன்றைய மொழியில் சொன்னால், 'கான்ஃபரன்ஸ் டிராவல்'. மத்தியதரைக் கடலின் அந்த அடர் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிறம் கடலில் தெரிகிறது, அவ்வளவுதான் என்பது அன்றைக்கு இருந்த விளக்கம். ராமனுக்கு அது ஒப்பவில்லை. திரும்பி வரும்போது 'நார்குண்டா' கப்பலில் இருந்தபடியே சிறிய கருவிகளை வைத்துக் கடலைச் சோதித்துப் பார்த்தார். தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்து, கப்பல் பம்பாய்த் துறைமுகத்தைத் தொட்டதும் 'நேச்சர்' இதழுக்குக் குறிப்பு அனுப்பினார். அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனதில்தான் 1928-ல் ராமன் விளைவு கிடைத்தது.

அவருடைய அண்ணன் மகன் சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு, மேல்படிப்புக்காக 1930-ல் பம்பாயில் கப்பல் ஏறி கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது 19. வழியெல்லாம் நட்சத்திரக் கணக்கு போட்டுக்கொண்டே போனார். ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேல் போனால் வெண்குறு விண்மீனாக ஒரு நட்சத்திரம் நிலைத்திருக்க முடியாது என்ற எண்ணம் அந்தக் கப்பல் பயணத்தில்தான் உருவெடுத்தது. இன்று உலகம் முழுக்க அதைச் 'சந்திரசேகர் வரம்பு' என்று படிக்கிறார்கள். 1983-ல் நோபல் பரிசு.

அவர்களுக்குக் கப்பலைத் தவிர வேறு வழியில்லை என்பது நிஜம். ரயிலில் ஏறினால் நமக்கும் நோபல் கிடைக்கும் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் யாரும் கூப்பிடாத, யாரும் அவசரப்படுத்தாத நாலு மணி நேரம் இன்றைக்கு வீட்டிலும் கிடையாது, ஆபீஸிலும் கிடையாது. அது எங்கே கிடைத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டிய சரக்கு.

புகைக் கணக்கு

ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியே வரும். எரிப்பதைவிட வெளிவருவது எப்படி அதிகம் என்று வீட்டில் பிள்ளைகள் கேட்பார்கள். எரிபொருளில் உள்ள கார்பன், காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்துகொள்வதால் எடை கூடுகிறது.

விமானம் அதிக எரிபொருளைக் குடிப்பது தரையிலிருந்து மேலே ஏறும்போது. டெல்லி போகும் விமானம் ஏறி முடித்து இரண்டு மணி நேரமாவது சீராகப் பறக்கும். பெங்களூரு விமானமோ ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் இறங்க ஆரம்பித்துவிடும். அதனால், கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் குறுகிய தூர விமானப் பயணம்தான் ரொம்ப வீண்செலவு.

ரயில் பக்கம் வாருங்கள். நம் நாட்டின் அகலப்பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டன. அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும், 16 பெட்டி வந்தே பாரத்தில் 1,128 பேர் உட்காரலாம். பெங்களூருக்குப் பறக்கும் வழக்கமான விமானத்தில் 180 பேர் சொச்சம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருள்வதற்குத் தேவைப்படும் சக்தியும் மிகக் குறைவு. தலைக்கு இவ்வளவு புகை என்று பிரித்தால் ரயில் எங்கோ கீழே இருக்கிறது.

இன்னொரு விஷயம். 2018-ல் உலக மக்களில் சுமார் 11 சதவிகிதம் பேர்தான் விமானத்தில் ஏறினார்கள் என்றும், பயணிகள் விமானங்களின் புகையில் பாதிக்கு வெறும் ஒரு சதவிகித மக்களே காரணம் என்றும் 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை அம்மா அப்பாவை விமானத்தில் திருப்பதியோ காசியோ கூட்டிப்போகிற குடும்பத்தைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. மாதம் நாலு முறை வேலைக்காகப் பறப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

பயண நாள் யாருடைய நாள்?

கணக்கெல்லாம் சரி. பிறகு ஏன் ஆட்கள் மாறுவதில்லை? எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியையின் அனுபவம் இதற்குப் பதில் சொல்லும்.

கோவையில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறார். ஹைதராபாத்தில் இரண்டு நாள் கருத்தரங்கு. ரயிலில் போய் வருவதாகச் சொன்னார். ஃப்ளைட் கட்டணத்தில் பாதிகூட ஆகாது. ஆனால் போக ஒரு நாள், வர ஒரு நாள். நிர்வாகம் சொன்ன பதில்: "ஃப்ளைட்ல போனா டிக்கெட் பணம் முழுசா கொடுத்துடறோம் மேடம். ரயில்ல போனா அந்த ரெண்டு நாளும் உங்க கேஷுவல் லீவ்."

அவருக்கு இருப்பது 12 நாள் கேஷுவல் லீவ். அம்மாவுக்கு மாதாமாதம் ஆஸ்பத்திரி. கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. அம்மாவுக்கு என்று ஒதுக்கி வைத்த நாளில் இரண்டை எடுத்துக் கருத்தரங்குக்குக் கொடுக்க முடியுமா? ஃப்ளைட்டில் போனார். "பணம் அவங்களோடது, நாள் என்னோடது. நான் எதை மிச்சம் பிடிப்பேன், சொல்லுங்க?" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு?

இதே பிரச்னை பெரிய அளவில் வெடித்ததும் உண்டு. ஜான்லூகா கிரிமால்டா என்ற இத்தாலிய ஆய்வாளர், ஜெர்மனியின் கீல் உலகப் பொருளாதார ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். பருவநிலை மாற்றம் மக்களை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய, பப்புவா நியூ கினியின் போகன்வில் தீவில் பல மாதங்கள் தங்கியிருந்தார். உடனே திரும்பி வரச்சொல்லி நிறுவனம் அழைத்தபோது, விமானத்தில் வர மாட்டேன் என்று மறுத்தார். 2023 அக்டோபரில் அவருக்கு வேலை போனது. கப்பல், பஸ், ரயில் என்று மாறி மாறித்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார்.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கலாம். சொன்ன தேதிக்கு ஆள் வர வேண்டும் என்று எந்த முதலாளியும் எதிர்பார்ப்பார். அவரைப் போல வேலையைப் பணயம் வைக்கச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. ஆனால் இரண்டு கதையிலும் கேள்வி ஒன்றுதான். மெதுவாகப் போவதற்கு ஆகும் நாள், வேலை செய்கிறவருடைய சொந்த நாளா, நிறுவனத்தின் நாளா?

இதற்குச் சில இடங்களில் பதில் கண்டுபிடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம், இந்தெந்த ஊர்களுக்கு விமானத்தைத் தவிர்த்து ரயிலிலோ பஸ்ஸிலோ போக வேண்டும் என்று பட்டியலே போட்டுவிட்டது. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய் 2023-ல் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடிகிற ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கிடையாது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ ஆகிய மூன்று ஊர்களுக்கான நேரடி விமானங்கள் இதனால் நின்றன. மூன்றே வழித்தடம்தானா என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் இதெல்லாம் தனி மனிதரின் பிடிவாதமாக மட்டும் இல்லாமல் விதியாக மாறினால், ரயிலில் போகிறவர் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நம் பேராசிரியை சும்மா இருக்கவில்லை. அடுத்த முறை, பயண நாளில் ரயிலில் என்ன வேலை செய்வேன் என்று எழுதி, கட்டண வித்தியாசத்தையும் குறிப்பிட்டு, துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் கொடுத்தார். இரண்டு நாள் கேட்டதற்கு ஒரு நாள் 'ஆன் டியூட்டி' கிடைத்தது. "பாதி ஜெயிச்சிருக்கேன்" என்கிறார்.

ரயிலிலும் குறை உண்டு

ரயில் என்றால் எல்லாம் இனிக்கும் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். டிக்கெட் கிடைப்பதே முதல் போராட்டம். ஆபீஸ் பயணம் நாலு நாள் முன்னால்தான் முடிவாகும். அப்போது பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட் முந்நூறைத் தாண்டியிருக்கும். கழிவறை பற்றிப் பேசவே வேண்டாம். சில ரயில்கள் நேரத்துக்கு வருவதில்லை. பத்து மணிக்கு மேல் நடுவில் உள்ள பெர்த்தை விரிக்கவிடாமல் பேசிக்கொண்டிருக்கும் கூட்டம் வேறு.

தனியாகப் போகும் பெண்களுக்கு இரவு ரயில் பற்றிய பயம் நியாயமானது. "ஆபீஸ் சொல்லுதுன்னு ராத்திரி தனியா போகணுமா?" என்று வீட்டில் கேட்டால் அதற்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். எந்த நிறுவனமும் ரயிலைக் கட்டாயமாக்கக் கூடாது. விரும்புகிறவருக்கு வழி விட்டால் போதும். முழங்கால் வலி உள்ளவருக்கும், கைக்குழந்தையை வீட்டில் விட்டு வருகிற அம்மாவுக்கும் ஃப்ளைட்தான் சரி என்றால் அதுவே சரி.

டெல்லிக்கு என்றால்?

சென்னையிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போனாலும் சுமார் 33 மணி நேரம், இரண்டு இரவு. ஒரு மணி நேர மீட்டிங்குக்கு இப்படிப் போய் வருவது நடக்கிற காரியமா?

இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. போகத்தான் வேண்டுமா? கொரோனா காலத்தில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுகளே ஆன்லைனில் நடந்தன. ஒரு மணி நேர மீட்டிங்குக்கு வீடியோ கால் போதும். நேரில் போயே ஆக வேண்டும் என்றால், ஒரு பயணத்தில் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். போகும்போது விமானம், திரும்பும்போது ரயில் என்று பிரித்தும் போகலாம். நாக்பூரிலோ போபாலிலோ ஒரு வேலை இருந்தால் ரயில் வழியிலேயே முடியும்.

அடுத்த பயணத்துக்கு முன்...

* ரயிலில் ஆறு மணி நேரத்துக்குள் அல்லது ஓர் இரவுக்குள் போகக்கூடிய ஊரா? முதலில் ரயிலைப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்.

* முன்பதிவு இப்போது 60 நாள் முன்னதாகத்தான் தொடங்குகிறது. கருத்தரங்கு தேதி தெரிந்தவுடன் காலண்டரில் அந்த 60-வது நாளைக் குறித்து வையுங்கள்.

* தட்கல், பயணத்துக்கு முந்தின நாள் ஏ.சி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கும. ஆன்லைனில் தட்கல் எடுக்க ஐ.ஆர்.சி.டி.சி கணக்கை ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும். அதை இன்றைக்கே முடித்துவிடுங்கள்.

* சார்ட் தயாரான பிறகும் காலி இருக்கை இருந்தால் 'கரன்ட் புக்கிங்'கில் கிடைக்கும். பகல் நேர ரயில்களில் முயன்று பார்க்கலாம்.

* 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும், இருப்பைப் பொறுத்து லோயர் பெர்த்தில் முன்னுரிமை உண்டு. டிக்கெட் எடுக்கும்போது வயதைச் சரியாகப் போடுங்கள்.

* வழியில் எந்தத் தொந்தரவு என்றாலும் 139. இந்த எண்ணை போனில் பதிந்து வையுங்கள்.

* பாதி வழியில் சிக்னல் போய்விடும். தேவையான ஃபைல்களை முதல் நாளே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

* மீட்டிங்குக்கும் ரயில் வந்து சேரும் நேரத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

நீங்கள் ஒரு துறைக்குத் தலைவராகவோ, நாலு பேருக்கு டிக்கெட் கையெழுத்துப் போடுகிற இடத்திலோ இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரயிலில் போகிற நாளை வேலை நாளாக எழுதிக் கொடுங்கள். அவர் மிச்சம் பிடித்துத் தரும் டிக்கெட் பணத்துக்கு முன்னால் அது பெரிய விஷயமே இல்லை. ஊழியருக்கோ, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இரண்டு நாள் மிச்சம்.

உங்கள் ஆபீஸில், கல்லூரியில் பயண நாளை எப்படி எழுதுகிறார்கள்? விசாரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நல்ல விதி எங்கேயாவது இருந்தால் மற்றவர்களுக்கும் சொல்வோம்.